இரண்டாம் தடவை மேட்டுக்குப் போனவன்

ஹோல்டர்பர்க், நெப்ராஸ்கா
மார்ச் 2, 1986

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

நான் நலம்; என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? பால் குடிக்கச் சொன்னால் குடிக்க மாட்டாய், காப்பியைத்தான் ஊற்றிக்கொள்வாய் என்று தெரிந்தே கேட்கிறேன்.

போன சீசனில் ஒன்பது வெற்றி, முப்பத்தொரு தோல்வி. தெருவில் போகிற ஒன்பது பேரைப் பிடித்துக் கண்ணைக் கட்டி மைதானத்தில் நிறுத்தினால்கூடப் பத்து ஆட்டம் ஜெயித்திருப்பார்கள். ஏழு வருடம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ச் சின்ன பேஸ்பால் லீக்குகளில் பந்து வீசினாய். பெரிய லீக்கின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் திரும்பி வந்தாய். சரி, முழங்கை போய்விட்டது, யாரும் குறை சொல்லவில்லை. அப்புறம் பதினான்கு வருடமாக அதே விளையாட்டைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். தோற்பதற்குப் பாடம் நடத்த ஒரு கல்லூரி சம்பளம் தருகிறது என்றால், அந்தக் கல்லூரியை நான் ஒரு நாள் வந்து பார்க்கத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறாளே மார்ஜ், அவள் நேற்று உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டே கேட்கிறாள்: "வெர்னா, உங்க தம்பி இன்னும் அந்தப் பந்து வேலைலதான் இருக்காரா?" பந்து வேலையாம். சர்க்கஸில் சேர்ந்தவனைக் கேட்கிற குரல். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு?

அம்மாவை அடக்கம் செய்த அன்று சண்டை போட்டு, இனிமேல் போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்தோமே, அது நாம் சேர்ந்து செய்த ஒரே நல்ல காரியம். போனை நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை எப்படியும் கடைசிவரை படித்துவிடுவாய்.

இந்த சீசன் ஸ்கோர் தாள்களின் நகலை அனுப்பு. அப்பா உனக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தார், எனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தார். இரண்டில் உருப்படியாக மிஞ்சியது என்னுடையதுதான்.

காப்பியைக் குறை. பதில் எழுது.

அக்கா,
வெர்னா


பெல் கிரீக், கான்சஸ்
மார்ச் 23, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு அப்படியேதான் இருக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள். நாக்குக்கும் ஏதாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்.

பயிற்சியாளன் என்று பெயர்தான். பஸ் ஓட்டுவது நான். சட்டைகளைத் துவைப்பது நான். மழை பெய்தால் பந்து வீசுகிறவன் நிற்கும் மண்மேட்டைத் தார்ப்பாயால் மூடுவதும் நான். எங்கள் விளையாட்டுத் துறைத் தலைவன் கிளிஃபர்ட் ஸ்டாங் வாழ்க்கையில் கோல்ஃப் குச்சியைத் தவிர எதையும் தூக்கியதில்லை. அவன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "வெண்டல், இந்த வருஷம் இறுதிச் சுற்றுக்குப் போகலன்னா மே மாசம் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? எனக்கு நாற்பத்தேழு வயது. வேறு ஒரு வேலையும் தெரியாது. இந்த வேலை தெரியும் என்பதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மந்தை. ஒருவன் மட்டும் தேறுவான், ராட்னி புரோகாஸ்கா. கோதுமை விவசாயி மகன். வாயே திறக்க மாட்டான். பந்து மட்டும் பேசும். அவன் வீசும்போது வேலிக்கு வெளியே பெரிய லீக்குக்கு ஆள் தேடுகிறவர்கள் இரண்டு பேர் வேகம் அளக்கும் கருவியோடு வந்து நிற்கிறார்கள். பதினான்கு வருடத்தில் என் மைதானத்துக்கு அந்த மாதிரி ஆட்கள் வந்தது இதுதான் முதல் தடவை.

அவன் வீசுவதைப் பார்த்தால் எனக்கு ஷ்ரீவ்போர்ட்டில் நான் வீசிய காலம் ஞாபகம் வருகிறது. உனக்குச் சொல்லியிருக்கிறேன். முழங்கையின் உள்பக்கம் குத்துகிறது, சுண்டு விரல் மரத்துப்போகிறது என்று சொன்னேன். அந்தக் கிழட்டுப் பயிற்சியாளன் கட்டை விரலால் இரண்டு அமுக்கு அமுக்கினான். "ஒண்ணுமில்ல, போடு" என்றான். போட்டேன். ஆறாவது இன்னிங்ஸில் முழங்கைக்குள் நார் அறுந்தது. அவன் பெயரைச் சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மருத்துவம் படிக்காத மடையன், கட்டை விரலை வைத்துக்கொண்டு என் பிழைப்பையே முடித்துவிட்டான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வெண்டல்


பெல் கிரீக்
ஏப்ரல் 27, 1986

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இதை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். உன்னைவிட மோசமாக என்னைத் திட்டக்கூடியவர்கள் யாரும் இல்லை என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

நேற்று அரையிறுதி. எட்டாவது இன்னிங்ஸ்வரை நான்குக்கு மூன்று என்று முன்னால் இருக்கிறோம். ராட்னி பிரமாதமாக வீசுகிறான். அந்த இன்னிங்ஸின் முதல் ஆளே பந்தைத் தூக்கி அடித்து இரண்டாம் பேஸ்வரை ஓடிவிட்டான். நான் மேட்டுக்குப் போய், "பதட்டப்படாத, தாழ்வாப் போடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்தவனை ராட்னி காலி செய்தான். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன புழுதிக் காற்று கிளம்பியது. இருபது நிமிடம் ஆட்டம் நின்றது. எல்லோரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் என் ஒப்பந்தத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்ப இறங்கினபோது, அக்கா, என் மண்டையில் அது புது இன்னிங்ஸ். நடுவில் நாங்கள் மட்டை பிடித்து முடித்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டேன்.

ராட்னி ஒரு பந்தை உயரமாக வீசினான். உடனே நான் எழுந்து நடந்தேன். அவன் என்னைப் பார்த்து, வராதீர்கள் என்று கையுறையை ஆட்டுகிறான். திமிர் பிடித்த பயல் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் போனேன். எல்லைக் கோட்டைத் தாண்டினேன். அம்பயர் ஓடி வந்து, "கோச், ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டாவது தடவ. பையனை வெளிய எடுங்க" என்றான்.

ராட்னி தலையைக் குனிந்துகொண்டு, "அதான் கோச், வராதீங்கன்னு கையைக் காட்டினேன்" என்றான். பந்தை என் கையில் வைத்துவிட்டுப் போனான். மாற்று ஆளைத் தயார்கூடச் செய்யவில்லை. வந்தவன் நான்கு ரன் கொடுத்தான். நான்குக்கு ஏழு.

மறந்துவிட்டேன், அக்கா. வேறு ஒன்றுமே இல்லை. பத்து வயதுப் பையனுக்குத் தெரிந்த விதியை மறந்துவிட்டேன்.

வெண்டல்


ஹோல்டர்பர்க்
மே 2, 1986

அன்புள்ள வெண்டலுக்கு,

வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். மூளை எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை அப்பா இல்லாமல் போனதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஒரே இன்னிங்ஸில் பயிற்சியாளன் இரண்டாம் தடவை மேட்டில் கால் வைத்தால் பந்து வீசுகிறவன் வெளியே போக வேண்டும். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா சொன்னது. நீ அப்போது மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தாய். இப்போதும் அதைத்தான் செய்கிறாய்.

ஒரு ஆளுக்கு ஒரே ஒரு நல்ல பையன் கிடைத்தான். ஊரே பார்க்க, அவன் கையிலிருந்த பந்தைத் தானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். இதை நாவலில் எழுதினால் நம்ப மாட்டார்கள். அந்தப் பையன் கையுறையை ஆட்டி எச்சரித்தானாம், நீ அதைத் திமிர் என்று நினைத்தாயாம். உன்னைச் சுற்றி இருப்பவர்களில் புத்தி உள்ள ஒரே ஆளை நீ அடையாளம் கண்டுகொள்வது இப்படித்தான்.

வேலை போனால் இங்கே வா. பள்ளிக்கூடத்தில் பாத்திரம் தேய்க்க ஆள் தேடுகிறார்கள். அதற்கு விதி எதுவும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பால் குடி. பதில் எழுது.

வெர்னா


பெல் கிரீக்
மே 19, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறு ஆச்சரியமாகச் சும்மா இருக்கிறது. உன் முழங்கால் தேவலையா?

இத்துடன் ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கிறது. முதலில் அதைப் படி.

படித்தாயா? நடந்தது இதுதான். ஆட்டத்துக்கு மறுநாள் ராட்னியால் கையை நீட்ட முடியவில்லை. பெரிய லீக் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று மூன்று வாரமாக வலியை மறைத்திருக்கிறான், கழுதை. விசிட்டாவில் டாக்டர் பார்த்துவிட்டு, முழங்கைக்குள் இருக்கும் நார் பாதி கிழிந்திருக்கிறது, இன்னும் பத்துப் பந்து வீசியிருந்தால் முழுசாக அறுந்திருக்கும் என்றார். கோடை முழுக்க ஓய்வு எடுத்தால் தானாகவே ஆறிவிடுமாம். அவனுடைய அப்பா நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். ஆறரை அடி உயரம். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எல்லாரும் உங்களை மடையன்னு சொன்னாங்க கோச். நீங்க எம்பையன் கையைக் காப்பாத்தத்தானே வேணும்னே உள்ள போனீங்க? அவன் முன்னால பெரிய லீக் ஆளுங்க நின்னாங்க, வலிக்குதுன்னு வெளிய தெரிஞ்சா அவன் பேரு போயிரும்னுதானே மறந்த மாதிரி நடிச்சீங்க?" என்றார்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான். மறுநாள் அது பத்திரிகையில் வந்துவிட்டது. 'ஆட்டத்தைக் கொடுத்துக் கையைக் காத்தவர்.' ராட்னி கையுறையை ஆட்டினானே, அது கடைசிவரை வீசத் துடித்த வீரனின் போராட்டமாம். ராட்னியும் வாயைத் திறக்கவில்லை. அவன் என்றைக்குத் திறந்தான்?

ஸ்டாங் என் தோளில் கை போட்டு நடக்கிறான். ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிப்பு. அந்தக் கோல்ஃப்காரன், "எனக்கு அப்பவே தெரியும் வெண்டல்" என்கிறான். என்ன தெரியுமாம் அவனுக்கு? முட்டாள்களின் ஊர் அக்கா இது. இவர்களிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

முழங்காலைப் பார்த்துக்கொள்.

வெண்டல்


ஹோல்டர்பர்க்
ஜூன் 8, 1986

அன்புள்ள வெண்டலுக்கு,

முழங்கால் பரவாயில்லை. உன் வயிறு ஏன் சும்மா இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. மனசாட்சி இருந்த இடம் காலியானதும் வயிற்றுக்கு இடம் தாராளமாகக் கிடைத்திருக்கும்.

தொண்டையைச் செருமினானாம்! ஊரை ஏமாற்றுவதற்குக்கூட முழுசாக ஒரு பொய் சொல்லத் துப்பில்லை. செருமலிலேயே பிழைத்துக்கொண்டாய். சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு இப்படித்தான் நிற்பாய். அப்பா பக்கத்து வீட்டுப் பையனை அடிக்கும்வரை பேச மாட்டாய்.

அந்தச் செய்தித் துண்டை நான் யாரிடமும் காட்டவில்லை. மார்ஜின் அண்ணன் கான்சஸில் இருக்கிறான், அவனே அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சின் அடித்தள அறையில் காப்பி குடிக்கும்போது அவள் அதை எழுந்து நின்று படித்தாள். பாஸ்டர் தலையை ஆட்டினார். பெண்களெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அதற்குள் பையன் விஷயமாக ஒருத்தி என்னமோ கேட்டாள், நானும் என்னமோ சொன்னேன். தட்டிலிருந்த ருபார்ப் பை பலகாரம் ஆறிப்போய்விட்டது.

இந்த வருடம் தக்காளி நன்றாக வந்திருக்கிறது. பதில் எழுது.

வெர்னா


பெல் கிரீக்
அக்டோபர் 12, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நான்கு மாதமாக எழுதாததற்கு மன்னித்துவிடு. பெரிய மனிதர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

விசிட்டாவில் ஒரு விருந்து. பயிற்சியாளர் சங்கம் எனக்கு ஒரு விருதுப் பலகை கொடுத்தது. கறி ரப்பர் மாதிரி இருந்தது. எத்தனையோ ஆட்டம் ஜெயித்தவர்களெல்லாம் கீழே உட்கார்ந்து கை தட்டினார்கள், ஒன்பது ஆட்டம் ஜெயித்தவன் மேடையில் நின்றேன். பேசச் சொன்னார்கள். "ஒரு கை ஒரு கோப்பையைவிடப் பெரிசு" என்று சொன்னேன். எழுந்து நின்று தட்டினார்கள், மடையர்கள். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது பெற்றோர்கள் கடிதமாக எழுதித் தள்ளுகிறார்கள். கை வலிக்கிற பிள்ளைகளையெல்லாம் என்னிடம்தான் சேர்க்க வேண்டுமாம். எனக்கு எக்ஸ்ரே கண் இருக்கிறதாம். கண்ணீரும் கம்பலையுமாக வருகிறார்கள். நானும் அவன்கள் முழங்கையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ம்ம் என்கிறேன். மைதானமே அமைதியாகிவிடுகிறது. எனக்கு உள்ளே சிரிப்பாக வருகிறது.

இருபத்திரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் உங்கள் ஊர். டாரல் ஹெய்ன். நல்ல வேகம், ராட்னியைவிடக் கூட. அவன் அம்மா இர்மா கொண்டுவந்து விட்டாள். "வெர்னாதான் சொன்னாங்க. எங்க வெண்டலுக்குச் சின்ன வயசுலேர்ந்தே அந்தக் கண்ணு இருக்குன்னாங்க" என்றாள். நீயா சொன்னாய், அக்கா? என் அக்காவா? நான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

குளிர் வருகிறது, முழங்காலை மூடிக்கொள்.

வெண்டல்


ஹோல்டர்பர்க்
டிசம்பர் 14, 1986

அன்புள்ள வெண்டலுக்கு,

நலம். இங்கே பனி முட்டியளவு. பள்ளிக்கூடத்துக் கொதிகலன் கெட்டுப்போய் இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள்.

சர்ச்சில் என்னை விருந்துக் குழுவுக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள். இருபது வருடமாக மார்ஜ்தான் தலைவி. அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஹெய்ன் பையன் முட்டைக்கோஸ் சாப்பிட மாட்டான். மற்றபடி நல்ல பையன். இங்கே இருந்தபோதே அவனுக்குக் கை லேசாக வலிக்கும் என்று இர்மா சொல்லியிருக்கிறாள். நீ ஒரு டாக்டரிடம் காட்டலாமே. சும்மா சொன்னேன்.

உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். பச்சை நிறம். பிடிக்காவிட்டாலும் போட்டுக்கொள். பதில் எழுது.

வெர்னா


பெல் கிரீக்
பிப்ரவரி 22, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சட்டை கைகள் நீளம். ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.

சீசன் ஆரம்பித்துவிட்டது. நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி! ஸ்டாங் இப்போது ஐந்து வருட ஒப்பந்தம் என்கிறான். மே முதல் தேதி கையெழுத்து.

உன் ஹெய்ன் பையன்தான் காரணம். குதிரை. ஆனால் கொஞ்சம் செல்லம். போன வாரம் வந்து, "கோச், உள்பக்கம் குத்துது. சுண்டு விரல் மரத்துப்போகுது. அம்மா ஒமாஹால டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க" என்றான். சுற்றிலும் மொத்த டீமும் நின்று பார்க்கிறது. எக்ஸ்ரே கண்காரன் டாக்டரிடம் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல, போடு" என்றேன். பையனுக்கு முகமே மலர்ந்துவிட்டது. "நீங்க சொன்னா சரி கோச்" என்றான். அடுத்த ஆட்டத்தில் பதினோரு பேரை அவுட் ஆக்கினான். இர்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உன் குழுத் தலைவி பதவி எப்படிப் போகிறது?

வெண்டல்


பெல் கிரீக்
ஏப்ரல் 13, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நீ பிப்ரவரி கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை ஏழாவது இன்னிங்ஸில் டாரலின் கை அறுந்துவிட்டது. சத்தம் எனக்கே கேட்டது, நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நார் முழுசாகப் போய்விட்டதாம். நரம்பும் நசுங்கியிருக்கிறது, விரல்களை மடக்க முடியவில்லை. விசிட்டா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான். இனிமேல் பந்து வீச மாட்டான் என்கிறார்கள்.

இதில் என் தப்பு என்ன, சொல். இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடம்பில் வலு இல்லை. பால் குடித்து வளரவில்லை, பாட்டில் பானம் குடித்து வளர்ந்தவர்கள். வலிக்கிறது என்றால் அழுத்திச் சொல்ல வேண்டாமா? ஒரு தடவை சொன்னான். அப்புறம் சொல்லவே இல்லை. இர்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உங்க கண்ணுக்கே தெரியாம இருந்ததுன்னா, அது யாருக்கும் தெரிஞ்சிருக்காது கோச்" என்றாள். பையனும் அதையே சொல்கிறான். தன் கைதான் தன்னை ஏமாற்றிவிட்டது என்று அழுகிறான். தேற்றிவிட்டு வந்தேன்.

ஒரு காரியம் செய். போன வருடம் ஏப்ரலில் புழுதிக் காற்றைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன், ஞாபகம் இருக்கும். அதை எரித்துவிடு. மே முதல் தேதி கையெழுத்து. ஐந்து வருடம், அக்கா. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்றுவிடலாம். எரித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
வெண்டல்


ஹோல்டர்பர்க்
ஏப்ரல் 18, 1987

வெண்டல்,

எரிக்கவில்லை.

போன வருடம் மார்ச் மாதக் கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். ஷ்ரீவ்போர்ட்டில் ஒருவன் உன் முழங்கையைக் கட்டை விரலால் அமுக்கி என்ன சொன்னான் என்று எழுதியிருக்கிறாய். மருத்துவம் படிக்காத மடையன் என்று அவனைத் திட்டியிருக்கிறாய். அதே இடத்தில் வலி, அதே சுண்டு விரல், அதே கட்டை விரல், அதே இரண்டு வார்த்தை. உனக்கு அது ஞாபகம்கூட வரவில்லை. அவனாவது தான் பெரிய ஆள் என்று உண்மையிலேயே நம்பினான். நீ தெரிந்தே செய்தாய். பலகையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பையனின் கையைக் கொடுத்தாய்.

பால் குடிக்காதவனாம். அவனுக்கு ஆறு வருடம் தினமும் பால் ஊற்றியவள் நான்.

ஒரு வாரம் தருகிறேன். விசிட்டாவுக்குப் போய் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு மறந்துபோய்த்தான் மேட்டுக்குப் போனேன் என்று உன் வாயால் சொல். செருமாதே. சொல். அவன் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு வாழ வேண்டாம்.

பதில் எழுது.

வெர்னா


ஹோல்டர்பர்க்
ஏப்ரல் 28, 1987

அன்புள்ள டாரலுக்கு,

நான் வெர்னா. பள்ளிக்கூடத்தில் உனக்குச் சாப்பாடு போட்டவள். முட்டைக்கோஸைக் காகிதத்தில் சுற்றி மேஜைக்கு அடியில் ஒட்டிவைப்பாய். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அது எனக்கு நன்றாக வரும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இத்துடன் இருப்பது என் தம்பி போன வருடம் ஏப்ரல் 27-ஆம் தேதி எனக்கு எழுதிய கடிதம். கையெழுத்து உனக்குத் தெரியும். அதைப் பிரித்துப் படிக்க உன் அம்மாவிடம் சொல். ராட்னியின் கையில் அவன் எதையும் பார்க்கவில்லை. என்ன இன்னிங்ஸ் என்று மறந்துபோய் எழுந்து நடந்தான். அவ்வளவுதான் அந்தக் கண். உன் கை உன்னை ஏமாற்றவில்லை. அது உன்னிடம் சரியாகத்தான் சொன்னது. நீயும் சரியாகத்தான் போய்ச் சொன்னாய். ஏமாற்றியது நாங்கள் இரண்டு பேர்.

அவனே உன்னிடம் உண்மையைச் சொல்லட்டும் என்று ஒரு வாரம் கொடுத்தேன். பத்து நாளாகப் பதில் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். போன ஜூனில் சர்ச்சின் அடித்தள அறையில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெர்னா, உங்க தம்பி நெஜமாவே பாத்துத்தான் செஞ்சாரா? எம்பையனுக்கும் கை வலிக்குது, அவரை நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டாள். மார்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அறையில் எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். "எங்க வெண்டலுக்குச் சின்ன வயசுலேர்ந்தே அந்தக் கண்ணு இருக்கு, தாராளமா அனுப்பு" என்று சொன்னேன். இந்தக் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது.

பிப்ரவரியில் உன் கையை அமுக்கிப் பார்த்ததாக எழுதினான். படித்ததுமே அது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. உன் வீடு மூன்று தெரு தள்ளித்தான். நடந்து வந்து உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை விருந்துக் குழுக் கூட்டத்துக்கு நடந்தே போனேன். அது ஆறு தெரு.

நாற்பது வருடத்துக்கு மேலாக என் தம்பியை மட்டமாகப் பேசியே காலம் கழித்தவள் நான். அவனைவிட மட்டமான ஒருத்தி அதே வீட்டில் வளர்ந்தாள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உன் அம்மா ஊர் திரும்பியதும் அதே அறையில், மார்ஜும் பாஸ்டரும் இருக்கும்போது, இதை எழுந்து நின்று சொல்லப் போகிறேன். உன் கல்லூரிக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. முதல் தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் யாருக்குக் கடிதம் எழுதினாலும், பதில் எழுது என்று சொல்லித்தான் முடிப்பேன். உன்னிடம் அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ வலது கைக்காரன்.

வெர்னா